எதுவும் செய்யாத நீலக்கல்

08-06-2024, சனிக்கிழமை

என் பெயர் அத்தப்பன். வயது எண்பத்தொன்று. எனக்கு எழுத்து தெரியாது. கல் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் சம்பந்தி குழந்தைவேல் இந்த நோட்டில் எழுதுகிறார். காங்கேயத்தில் நாற்பது வருடம் பத்திரம் எழுதிய கை அது. அதனால் நடுநடுவே 'மேற்படி' என்று வந்தால் அது அவர் போட்டது. நான் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட 'மேற்படி' என்று சொன்னதில்லை.

எதற்கு இந்த நோட்டு என்றால், தைப்பொங்கலிலிருந்து எனக்கு நேரம் சரியில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பல்செட் காணாமல் போனது. கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்தேன். சம்பந்தி என்னைக் கேட்காமல் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போய்விட்டார். அஷ்டமச் சனியாம். நீலக்கல் போட்டால் தணியுமாம்.

நீலம் மற்ற கல்லைப் போல் இல்லை. ஒத்துக்கொண்டால் தூக்கி நிறுத்தும், ஒத்துக்கொள்ளாவிட்டால் தூக்கி அடிக்கும். அதனால் யாரும் எடுத்த எடுப்பில் விரலில் போடமாட்டார்கள். துணியில் முடிந்து ஏழு நாள் கையில் கட்டிக்கொண்டு, என்ன நல்லது நடக்கிறது, என்ன கெட்டது நடக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை சோதனை கிடையாது.

"கடைல எதுக்குங்க வாங்கோணும்? என்ற மோதிரம் இருக்குதல்லொ" என்றார் சம்பந்தி.

"அது உங்களோடதுங்க. உங்க விரல்லயே இருக்கட்டும்."

"நீங்க குடுத்ததுதானுங்களே சம்மந்தி. முப்பத்தொரு வருசம் என்னைக் காப்பாத்துன கல்லு. ஒத்து வந்துதுன்னா அடுத்த சனிக்கிழமை நகைக்கடைக்குப் போயி உங்க விரலுக்கு அளவு மாத்திக்கலாம். அங்க புதுசா மெஷின் வந்திருக்குது. கல்லை வெச்சா அது என்ன ஜாதின்னு எழுதியே குடுத்துருமாம்."

"மெஷின் எதுக்குங்க?" என்றேன்.

"சும்மா, ஒரு ஆசைக்குத்தானுங்க" என்றார்.

இப்போது முடிப்பு என் வலது கையில் இருக்கிறது. முழங்கைக்கு மேலே அரிக்கிறது. இதைக் கெட்டதில் எழுதச் சொன்னேன். அரிப்பு கணக்கில் வராதாம்.

(வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்பி வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியவன் குறிப்பு, ரேகைக்குக் கீழே, அவருக்கு வாசித்துக் காட்டாமல்: மேற்படி மோதிரத்தில் இருப்பது நீலம் அல்ல. இது எனக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. என் மகன் ஓசூருக்கு வந்துவிடும்படி கூப்பிடுகிறான். மனைவி போனபின் ஒன்பது வருடமாக மகள் கலாமணியின் வீட்டில், இவர் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் படுத்துக் கிடக்கிறேன். போவதா, இருப்பதா? இந்த ஏழு நாளில் அவர் வாயால் உண்மை வந்தால் இருப்பேன். வராவிட்டால் பெட்டி கட்டுவேன்.

09-06-2024, ஞாயிற்றுக்கிழமை

கெட்டது: காலையில் காலில் எறும்பு கடித்தது.

கெட்டது: காப்பியில் சர்க்கரை இல்லை.

"சர்க்கரை போடறதில்லைன்னு ஆறு வருசமாச்சுங் மாமா. டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா?" என்றாள் என் மருமகள் கலாமணி. எனக்கு எதுவும் மறக்காது. ஆனாலும் இது கெட்டதுதான். சம்பந்தி எழுத மறுத்தார்.

மதியம் தேங்காய்க் களத்தில், என் மகன் ஈசுவரமூர்த்தி கொப்பரை காயப் போட்டிருந்ததற்குக் காவலாக, மேற்கோரத்துத் தென்னை அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 'வேறு ஏதாவது கெட்டது நடந்திருக்கிறதா, வீட்டில் போய்ப் பார்ப்போம்' என்று எழுந்து நாலு எட்டு வைத்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே மட்டையோடு ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்தது. நாற்காலி இரண்டாய்ப் போயிற்று.

"நாற்காலி போச்சு. கெட்டதுல எழுதுங்க" என்றேன்.

"தலை தப்பிச்சுதுங்களே. நல்லது."

"தேங்காய் விழுந்தது கெட்டதுங்க."

"உங்க மேல விழுகாதது நல்லதுங்க."

"அப்படிப் பார்த்தா ஊர்ல விழுகற தேங்காயெல்லாம் என் மேல விழுகலைன்னு நல்லதாயிருமுங்களா?"

அவர் நல்லதில் எழுதிவிட்டார். நான் ரேகை வைக்க மாட்டேன் என்றேன். கலாமணி வந்து, "ரெண்டு பேரும் சோறு திங்க வர்றீங்களா, இல்ல வட்டலை எடுத்து வெச்சிரட்டுங்களா?" என்றாள். ரேகை வைத்தேன்.

10-06-2024, திங்கட்கிழமை

இன்று ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்தி அதையும் நல்லதில் எழுதினார்.

11-06-2024, செவ்வாய்க்கிழமை

காலையில் சம்பந்தி ஒரு யோசனை சொன்னார். "அசல் நீலத்துக்கும், அதே மாதிரி ஏமாத்தற கல்லுக்கும் வித்தியாசம் என்னன்னு எழுதி வெச்சுக்கலாமுங்க. உங்களை விட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல சொல்றதுக்கு ஆளேதுங்க?"

அது உண்மைதான். பதினாலு வயதில் குழியில் இறங்கினவன் நான். கல் தோண்டி, கல் வாங்கி, கல் விற்று ஐம்பது வருடம். என் கையில் ஒருமுறை இருந்த கல்லை நான் மறந்ததில்லை. ஆளின் முகத்தை மறப்பேன், கல்லின் முகத்தை மறக்கமாட்டேன். ஆகையால் சொல்கிறேன், எழுதட்டும்.

நீலம் குருந்தக்கல் ஜாதி. சிவப்பாய்ப் பிறந்தால் மாணிக்கம், நீலமாய்ப் பிறந்தால் நீலம், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நாங்கள் பார்த்த நல்ல நீலமெல்லாம் இலங்கையிலிருந்து வந்தது. அதைப் போலவே இருந்து ஏமாற்றுவது எங்கள் மண்ணிலேயே கிடைக்கும். எங்கள் குழியில் அதற்குத் தண்ணி நீலம் என்று பெயர். அதுவும் அழகான கல்தான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலில் கனம். இரண்டையும் ஒரே அளவில் வெட்டி ஆளுக்கொரு உள்ளங்கையில் வைத்தால் நீலம் ஒன்றரை மடங்கு அழுத்தும். கை சொல்லவில்லையென்றால் ஒரு தம்ளர் விளக்கெண்ணெய் எடுத்து இரண்டையும் ஒன்றாய் விடவேண்டும். நீலம் அடியில் போய் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது, தண்ணி நீலம் பாதி வழியில் வழி விசாரித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் குளிர்ச்சி. நாக்கில் வைத்தால் நீலம் கிணற்றுத் தண்ணீர்போல் சில்லென்று இருக்கும். தண்ணி நீலம் அத்தனை சில்லிடாது. வாயால் ஊதினால் இரண்டின் மேலும் ஆவி படியும். நீலத்தின் மேல் படிந்த ஆவி, கடன்காரனைக் கண்டவன்போல் உடனே ஓடிவிடும். மற்றதில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும்.

கடினம். வைரத்தைத் தவிர வேறெதுவும் நீலத்தைக் கீறாது. நூறு வருடம் போட்டிருந்தாலும் பட்டையின் முனை கத்திபோல் நிற்கும். தண்ணி நீலம் படிகக்கல் அளவுக்குத்தான் தாங்கும். தெருப் புழுதியில் இருக்கிற பொடிமணலே வருடக்கணக்கில் தேய்த்து முனையை மழுக்கிவிடும்.

வெளிச்சம். நீலம் வாங்கிய வெளிச்சத்தைப் பிடித்து முகத்தில் திருப்பி அடிக்கும். தண்ணி நீலம் பாதியை அடிவழியாய் ஒழுகவிட்டுவிடும், ஓட்டைப் படிபோல. நீலத்துக்குள் பட்டுநூல்போல் ஊசிகள் மூன்று திசையில் ஓடுவதுண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தறியில் பாவு ஓட்டியதுபோல் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். நீலத்தைத் திருப்பினால் கொஞ்சம் பச்சை தட்டும், அவ்வளவுதான். எப்படிப் பிடித்தாலும் அது நீலம். தண்ணி நீலத்துக்கு மூன்று முகம். ஒரு பக்கம் கத்தரிப்பூ கலந்த நீலம். இன்னொரு பக்கம் வெளிறின நீலம். மூன்றாம் பக்கம் திருப்பினால் நிறமே செத்து, கழனித்தண்ணி மாதிரி...

"ஏனுங் சம்மந்தி" என்றார் குழந்தைவேல், எழுதுவதை நிறுத்தி. "முடிப்பை அவிழ்த்து நம்ம கல்லைச் சித்தெ பாக்கலாமுங்களா?"

"சோதனை நடுவுல அவிழ்க்கக் கூடாதுங்க. தோஷம்."

"அளவு பாக்க நேத்து நீங்களே அவிழ்த்தீங்க. அப்ப பார்த்தேன். சாய்ச்சா கழனித்தண்ணி மாதிரிதான் தெரிஞ்சுது. முனையெல்லாம் கூட மழுங்கியிருக்குது."

நான் நிதானமாகப் பதில் சொன்னேன். "முப்பத்தொரு வருசம் பத்திர ஆபீஸ்ல உங்க விரல்ல இருந்து எத்தனை வில்லங்கம் பார்த்திருக்கும்! மனுசனே மழுங்கிப் போவான். கல்லு மழுங்காதுங்களா?"

"நீலம் நூறு வருசம் மழுங்காதுன்னு இப்பத்தானுங்க எழுதினேன்."

"அதை அடிங்க."

"பத்திரத்துல அடித்தல் திருத்தல் கூடாதுங் சம்மந்தி."

இன்று கெட்டது: நான் அதிகமாகப் பேசியது. இதை அவர் மறுபேச்சில்லாமல் எழுதினார்.

(ரேகை)

எழுதியவன் குறிப்பு: பொய் சொல்லும்போது சம்பந்தி இடது காது மடலை நீவுவார். இன்று நீவிய நீவலில் காது சிவந்துவிட்டது. ஆனால் கல்லைப் பற்றிச் சொன்ன நேரத்தில் கை மடியிலேயே இருந்தது. வேலை என்று வந்தால் அந்த மனிதருக்குப் பொய் வராது. அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

12-06-2024, புதன்கிழமை

இன்று நானாக ஒரு முயற்சி செய்தேன். என்ன முயற்சி என்று எழுத வேண்டாம் என்று சொன்னேன். சம்பந்தி எழுதிவிட்டார், ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

நான் கீழே விழலாம் என்று தீர்மானித்தேன். எண்பத்தொரு வயதில் ஒருமுறை விழுந்தால் போதும், கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த ஜோசியரும் எழுதிக் கொடுப்பார். அப்புறம் மெஷினும் வேண்டாம், நகைக்கடையும் வேண்டாம். ஆனால் எலும்பும் உடையக்கூடாது. எனவே களத்து ஷெட்டில் சாக்குக் குவியல் இருக்கும் பக்கமாய்ப் பார்த்து, யாராவது வரட்டும் என்று காத்திருந்தேன். ஆனி பிறக்கும் முன்பே காற்று ஆளைத் தள்ளுகிறது, ஆகவே காரணமும் தயாராக இருந்தது. சம்பந்தி வந்தார். விழுந்தேன்.

"அடடா! கெரகம், கெரகம்!" என்று நானே கத்தினேன்.

சாக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் முதுகில் என்னவோ கடித்தது. எடுத்துப் பார்த்தால் என் பல்செட். பொங்கலுக்கு முந்தின நாள் சாக்கு தைக்க உட்கார்ந்தபோது கழற்றி வைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு எதுவும் மறக்காது என்று மேலே சொல்லியிருக்கிறேன். பல்செட் கல் அல்ல.

"அஞ்சு மாசமாக் காணாத பல்லு! நாலே நாள்ல கிடைச்சுப் போச்சு! கல்லுன்னா இது கல்லுங் சம்மந்தி!" என்று சம்பந்தி குதித்தார். மனிதர் எழுபத்தெட்டு வயதில் குதிப்பது நல்லதல்ல.

கலாமணி பல்லை வெந்நீரில் போட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டு, அது கடித்த இடத்தில் எனக்கு மஞ்சள் வைத்தாள். சாயங்காலம் முறுக்கு தின்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முறுக்கு. நல்லதா கெட்டதா என்று சம்பந்தி கேட்டார். வாய் நிறைய முறுக்கு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

13-06-2024, வியாழக்கிழமை

இன்று சம்பந்தி பழைய சோதனையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவரை வைத்துக்கொண்டு அவர் கதையையே சொல்வது சங்கடம். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு நாள், கிழமை, சட்டை நிறம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். என் மகனுக்கு அவர் மகளைப் பேசி எல்லாம் கூடிவந்த நேரம். பெண்ணின் தகப்பனுக்கு ஏழரைச் சனி, அவர் நீலம் தரித்தால்தான் இந்தக் கல்யாணம் ஆகும் என்று அப்போதிருந்த ஜோசியர் குறுக்கே கட்டையைப் போட்டார். பிள்ளை வீட்டுச் சீராக நானே நீலம் தருகிறேன் என்றேன். இலங்கைக் கல், துவரம்பருப்பு அளவு. அதன் முகம் இப்போதும் எனக்குத் தெரியும். ஒரு மூலையில் பட்டுநூல் மூன்று இழை.

சனிக்கிழமை கட்டினார். அன்றே பேனா கக்கி, யாரோ ஒருவரின் கிரயப் பத்திரம் முழுக்க மசி. ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்குள் கூரை ஓடு விழுந்தது. திங்கட்கிழமை, ஊதாக் கட்டம் போட்ட சட்டையோடு, பத்திர ஆபீஸ் வாசலில் மொபெட்டிலிருந்து இளநீர்க் குவியலில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

"கல்லு ஒத்து வரலைங்க. கல்யாணத்தை நிறுத்திப்போடலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். கலாமணி கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றிருந்தாள். என் மகன் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மரத்தைப் பார்க்கிறவன் அல்ல.

மாவுக்கட்டுப் போட வேண்டி முடிப்பை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்கள். வாங்கினேன். இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது, முழுசாய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லித் திரும்பக் கட்டினேன். அடுத்த நாலு நாளும் ஒரு தொந்தரவும் இல்லை. கல் அவர் மோதிரத்தில் ஏறியது. கல்யாணம் நடந்தது. அவ்வளவுதான்.

"வாங்கினதுக்கும் கட்டினதுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லீங்களா?" என்றார் சம்பந்தி.

"நடுவுல என்னங்க இருக்குது?"

"சும்மா கேட்டேனுங்க."

நடுவில் கலாமணி வந்து, "அப்பா, ஓசூர்ல இருந்து அண்ணன் போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வருதாம். போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றாள்.

நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. அவர் மகன் வீட்டுக்கு அவர் போகிறார். எதிர்க்கட்டில் காலியானால் என் வேட்டியைக் காயப்போட இடமாச்சு. குறட்டைச் சத்தமும் இருக்காது. நான் வருத்தப்படவில்லை என்பதை இரண்டுமுறை எழுதச் சொன்னேன்.

நான் வருத்தப்படவில்லை.

(ரேகை)

எழுதியவன் குறிப்பு: நடுவில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று முடிப்போடு போனார். அரை மணி நேரம். கல்யாணமான மறுமாதம் ஆபீஸ் ஜன்னல் வெயிலில் மோதிரத்தைத் திருப்பினேன், நீல நிறம் காணாமல் போனது. கல்லை மாற்றியதற்கு எனக்குக் கோபம் இல்லை. மூன்றே நாளில் என் கையை முறித்த கல் தொலைந்ததே என்று சந்தோஷம்தான். என் கேள்வி ஒன்றுதான். சீராகக் கொடுத்த அசல் எங்கே? அந்த வருடம்தான் அவர் தோட்டத்துக்குப் புது மோட்டார் வந்தது. கொடுத்ததை எடுத்து விற்றுவிட்டு, முப்பத்தொரு வருடம் என் முகத்துக்கு எதிரே ஒருவர் முறுக்கு தின்ன முடியுமா?

14-06-2024, வெள்ளிக்கிழமை

முடிப்பு தொலைந்துவிட்டது. கொப்பரைக் குவியலில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். பெரிய கெட்டது. எழுதியாகிவிட்டது.

பின்சேர்க்கை: கலாமணி கண்டுபிடித்துவிட்டாள். அரை வண்டிக் கொப்பரைக்குள் கைவிட்டு, பத்து எண்ணுவதற்குள் எடுத்துக் கொடுத்தாள். "இத்தனை ஆழத்துல தானா விழுந்துச்சுங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் கண்ணுக்குத் தப்பிய பொருள் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

என்ன பொருள் என்று சம்பந்தி கேட்கிறார். எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன். அப்போது காலை பதினொரு மணி.

நாளைக்கு மெஷின்.

15-06-2024, சனிக்கிழமை

இன்று எழுதுவது கலாமணி. சொல்வது நான்தான். சம்பந்தியின் கையிலிருந்து பேனா பிடுங்கப்பட்டது. காரணம் கீழே வருகிறது.

காலையில் நகைக்கடைக்குக் கிளம்பினோம். சம்பந்தி சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர் கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்குச் செருப்பு மாட்டவில்லை, வலது கால் இடதில் போயிற்று. அப்போது கலாமணி, "ஜோசியருக்குக் காட்டற நோட்டுத்தானே, நான் ஒருவாட்டி படிச்சிர்றேன். ரெண்டு பேரும் என்ன கிறுக்கி வெச்சிருக்கீங்களோ" என்று கையில் எடுத்தாள். சம்பந்தி தாவினார். எழுபத்தெட்டு வயதுக்கு நல்ல தாவல். ஆனால் அவள் அதற்குள் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாளைப் படித்தாள். நான் சொன்னது சொன்னபடி இருந்தது. அப்புறமும் படித்துக்கொண்டே போனாள்.

"நிறுத்து அம்முணி" என்றேன். "அன்னைக்கு நான் கடைசியாச் சொன்னது அரிப்பு. அதோட ரேகை வெச்சாச்சு. இப்பப் படிக்கறது யாரு சொன்னது?"

கலாமணி படிப்பதை நிறுத்தித் தன் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிறகு ரேகைக்குக் கீழே இருந்ததை எல்லாம், ஏழு நாளைக்கும், தேடித் தேடிப் படித்தாள். காது மடல் வரைக்கும்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். "நாற்பது வருசம் பத்திரம் எழுதுன மனுசன், கைநாட்டுக்குக் கீழ எழுதலாமுங்களா? இது மோசடி இல்லீங்களா?"

"நீங்க கல்லை மாத்துனது?"

"நீங்க தெரிஞ்சுட்டே முப்பத்தொரு வருசம் என்னை நடிக்க விட்டது?"

"நீங்க சாக்கு மேல வேணும்னே விழுந்தது?"

"அது என்ற சொந்த முதுகுங்க!"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்!" என்றாள் கலாமணி. களத்தில் வேலை செய்த ஆட்கள்கூடச் சும்மா ஆகிவிட்டார்கள்.

சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "மத்ததெல்லாம் கிடக்கட்டுமுங்க. மோட்டாருக்காகவா வித்தீங்க சம்மந்தி?"

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "மோட்டாரு கொப்பரை வித்து வாங்குனதுங்க! அத்தப்பன் குடுத்த கல்லைத் திருப்பி எடுக்கற ஜாதி இல்லை. உங்க வீட்டுக்குன்னு குடுத்தேன். உங்களுக்குத் தாங்கலை. சரி, அந்த வீட்டுப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்னு..."

நான் கையை நீட்டினேன். சம்பந்தி என் விரல் போன வழியில் பார்த்தார். விரல் கலாமணியின் மூக்கில் போய் நின்றது.

கல்யாணத்தன்று பிள்ளை வீட்டு மூக்குத்தி என்று நான் கொடுத்தது. கண்ணாடிக் கல் அம்முணி, விலை ஒன்றுமில்லை, தொலைந்தாலும் பயமில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். நீலம் என்றால் யாராவது ஏழு நாள் முடிந்து கட்டிச் சோதிக்கச் சொல்வார்கள், மறுபடியும் ஓடு விழும், கல்யாணம் நிற்கும். கண்ணாடிக்குச் சோதனை கிடையாதே.

கலாமணி திருகாணியைக் கழற்றினாள். நான் முடிப்பை அவிழ்த்தேன். களத்து வெயிலில் ஒரு வட்டலில் மோதிரத்தையும் மூக்குத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று முனையெல்லாம் மழுங்கி, சாய்த்தால் கழனித்தண்ணி. மற்றொன்று முப்பத்தொரு வருடம் அடுப்புப் புகையிலும் கொப்பரைத் தூசியிலும் கிடந்து, இன்று வெட்டியதுபோல் நின்றது. எப்படித் திருப்பினாலும் நீலம். சம்பந்தி ஊதிப் பார்த்தார். ஆவி படிந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். மூலையில் பட்டுநூல் மூன்று இழை. நல்லா இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது.

கலாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங் மாமா. எங்கப்பாவுக்கு ஏழு நாள் சோதனை. உங்களுக்கு ஏழு நாள் சோதனை. எனக்கு மட்டும் ஒரு நாள்கூடப் பாக்காம நேரா மூக்குல குத்தி விட்டீங்களா?"

"உனக்கு எதுக்கு அம்முணி சோதனை? பயந்திருந்தா அந்தக் கல்லுதான் பயந்திருக்கோணும்" என்றேன்.

சம்பந்தி சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நான் முதுகில் தட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மோதிரத்தை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க. ஒண்ணுக்கும் உதவாத கல்லுதான். இனிமே தெரிஞ்சே போட்டுக்குங்க."

"தெரிஞ்சேதானுங்க முப்பத்தொரு வருசமாப் போட்டிருக்கறேன்" என்று வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார்.

பெட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்பட்டதாய் ஆகிவிடும். கலாமணிதான் கேட்டாள். "கயிறு எதுக்குங்கப்பா கட்டியிருக்குது?"

"துணிக்கொடி ஒண்ணு கட்டோணும்னு எடுத்து வெச்சேன்" என்றார் சம்பந்தி. பெட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, என் கட்டிலுக்கும் தன் கட்டிலுக்கும் நடுவில் கட்டினார். என் வேட்டியை அவரே எடுத்துக் காயப்போட்டார். ஓசூருக்குப் போன் போட்டு, இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது, தீர நாளாகும் என்று மகனிடம் சொன்னார்.

நகைக்கடைக்குப் போகவில்லை. எனக்கு நீலம் வேண்டாம் என்று ஜோசியருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. சோதனையின் முடிவை எழுத வேண்டுமே, தேங்காய் விழுந்ததை எந்தப் பக்கம் எழுத என்று கலாமணி கேட்டாள். கெட்டது என்றேன் நான். நல்லது என்றார் சம்பந்தி. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

(அத்தப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை. குழந்தைவேல், எழுதப் படிக்கத் தெரிந்தும் தண்டனையாக, இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியவள் குறிப்பு, ரேகைக்குக் கீழே, இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டாமல்: மூக்குத்தியைக் கழற்றி வட்டலில் வைத்திருந்தது கால் மணி நேரம்தான். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது, கொப்பரை மேல் தூறல் விழுந்தது, என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. திருகாணியை இறுக்கிப் போட்டுக்கொண்டேன். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.